மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆயுள் உண்டா?

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் முதலில் கேட்பது அதன் வயதை. ‘கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறதாம்’, ‘முஸ்தபா 1971இல் கேம்பல் லேனில் ஒரு சின்ன ஆயத்த ஆடைக் கடையாகத்தான் தொடங்கியதாம்’ என்று ஏதோ நம் வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்வதுபோல் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அதே வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் இயங்கும் மென்பொருள் நிறுவனத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் யாரும் வயதைக் கேட்பதில்லை. எவ்வளவு முதலீடு திரட்டியிருக்கிறார்கள், இந்த ஆண்டு எத்தனை பேரை வேலைக்கு எடுத்தார்கள் என்றுதான் கேட்கிறோம். நம் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் படிக்கும் தமிழ் மாணவர்கள் கூடும் இடங்களிலும் இதே பேச்சுத்தான். மென்பொருள் நிறுவனம் நீண்ட காலம் வாழ வேண்டியது என்ற எண்ணமே நமக்குள் இல்லாமல் போய்விட்டதோ என்று எனக்கு ஐயம் எழுகிறது.

இந்த ஐயம் எனக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023ஆம் ஆண்டு விடுமுறையில் மேற்சொன்ன வகையான ஒரு நிறுவனத்தில் மூன்று மாதங்கள் வேலைப் பயிற்சியில் இருந்தேன். பெயர் வேண்டாம். சிறு கடைகளுக்குக் கணக்கும் சரக்கிருப்பும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை மாதச் சந்தாவுக்குக் கொடுப்பது அவர்களுடைய தொழில். நல்ல எண்ணம், நல்ல மனிதர்கள். முதலீட்டாளர்களின் பணம் வந்த பிறகு ஓராண்டுக்குள் முப்பது பேர் எண்பது பேராகிவிட்டார்கள். நான் சேர்ந்த முதல் நாளில் கண்ணில் பட்டது சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகை. அதில் ‘மாதம் 15 விழுக்காடு’ என்று பெரிதாக எழுதியிருந்தது. மாதம் 15 விழுக்காடு என்றால் ஓராண்டில் ஐந்து மடங்குக்கு மேல். அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. இருபது வயதில் வேறு எப்படி இருக்கும்?

எனக்குக் கொடுத்த வேலை என்னவோ மிகச் சாதாரணமானது. பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் தேதியில் 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயரவிருந்தது. அதற்கு மென்பொருளைத் தயார்படுத்த வேண்டும். ஓர் எண்ணை மாற்றும் வேலைதானே, ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், வரி விகிதம் ஓரிடத்தில் இல்லை. நாற்பத்தொரு இடங்களில் சிதறிக் கிடந்தது. அதற்கு முந்தைய ஜனவரியில் 7லிருந்து 8க்கு உயர்ந்தபோது அவசர அவசரமாகச் சிலவற்றை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். சில இடங்களில் 7 இன்னும் இருந்தது. எனக்கு மேலே இருந்தவர் திருச்சிக்காரர், நல்ல திறமைசாலி. அவரிடம் கேட்டேன். “தம்பி, அந்தப் பக்கம் ரொம்பக் கை வைக்காதே. எழுதினவர் போய்ட்டார். அது எப்படி ஓடுதுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஒரு நிறுவனத்தின் மொத்த வருமானமும் கடந்துபோகும் வாசல் அது.

அந்த ஒரு மாலை வேலைக்கு மூன்று வாரங்கள் ஆயின.

அடுத்து, விலகிப்போகும் வாடிக்கையாளர்களை எண்ணிப் பட்டியலிடும்படி சொன்னார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர் ஒவ்வொரு மாதமும் சந்தாவை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்து என்பது காதுக்குச் சிறிய எண்ணாகத்தான் படும். ஆனால் மாதம் ஐந்து விழுக்காடு போனால், ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த நூறு பேரில் ஆண்டு முடிவில் எஞ்சுவோர் 54 பேர்தான். கணிப்பானை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆக, விற்பனைப் பிரிவினர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பலகையில் உள்ளே வரும் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதியிருந்தது. ஓட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பஃபலோ சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர். நான் ஒருமுறை நேரில் போய் அவருடைய இயந்திரத்தைச் சரிசெய்து கொடுத்ததால் என் எண் அவரிடம் இருந்தது. நான் பயிற்சியை முடித்த ஐந்தாவது மாதம் அழைத்தார். முப்பது நாள்களில் சேவை நின்றுவிடும், தரவுகளைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். “ஆபீஸ் நம்பரை யாரும் எடுக்கறதில்ல தம்பி.” எண்பது பேர் ஒன்பது பேராகிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, மூன்று ஆண்டுக் கணக்கை இறக்கிக் கொடுத்தேன். அவர் எனக்கு ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்து அனுப்பினார். இப்போது மீண்டும் ரசீதுப் புத்தகத்தில் கையால்தான் எழுதுகிறார். அடுத்த மென்பொருளை அவரிடம் விற்கப் போகிறவரை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

இது ஏதோ சிறு நிறுவனத்தின் அனுபவக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. நான் பயிற்சியில் இருந்த அதே ஜூன் மாதத்தில் கிராப் நிறுவனம் ஆயிரம் ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஷாப்பியின் தாய் நிறுவனமான சீ குழுமம் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டும் பிழைத்துக்கொண்டன, சீ குழுமம் 2023இல் முதன்முறையாக முழு ஆண்டு லாபமும் காட்டியது. பெரியவர்களுக்குத் தவறைத் திருத்திக்கொள்ளக் கையிருப்பு இருக்கிறது. மூன்றாவது மாடிக்காரர்களுக்கு அது இல்லை என்பதுதான் வேறுபாடு.

மென்பொருள் தொழிலுக்கு ஏன் இந்தப் பதற்றம்? தோசைக் கடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். ஆயிரமாவது தோசைக்கும் மாவு வேண்டும், எரிவாயு வேண்டும், கல்லின் முன் ஒருவர் நிற்க வேண்டும். மென்பொருளில் முதல் பிரதியை உருவாக்கத்தான் செலவு. பத்தாயிரமாவது பிரதிக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. ஆகவே யார் முதலில் பத்தாயிரத்தை எட்டுகிறாரோ அவருக்கே சந்தை என்ற நம்பிக்கை பரவிவிட்டது. முதலீட்டாளரும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றை மறந்துவிடுகிறோம். பிரதி எடுக்கத்தான் செலவில்லை, பராமரிக்கச் செலவு உண்டு. ஒவ்வொரு புது வாடிக்கையாளரும் ஒரு புது விதிவிலக்கைக் கொண்டுவருகிறார். ஒருவருக்கு ரசீது தமிழில் வேண்டும், இன்னொருவருக்குக் கடனுக்குக் கொடுத்த அரிசியை எழுத ஓர் இடம் வேண்டும். அவசரத்தில் ஒட்டிய ஒட்டுகளெல்லாம் கடனாகச் சேர்கின்றன. அந்தக் கடனின் வட்டியைத்தான் மூன்று வாரங்கள் உட்கார்ந்து நான் கட்டினேன்.

அப்படியானால் மென்பொருள் நிறுவனம் ஒன்று முப்பது ஆண்டுகள் நிற்பதும் வளர்வதும் முடியாத காரியமா? முடியும் என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே சான்று இருக்கிறது. ஸோஹோ நிறுவனத்தைத்தான் சொல்கிறேன்.

ஸோஹோவின் பெயரை இப்போது தமிழர்கள் எல்லாரும் அறிவார்கள். 2025இல் அதன் ‘அரட்டை’ செயலி திடீரென்று பேசப்பட்டபோது என் பாட்டிக்குக்கூட அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் பலருக்குத் தெரியாதது, அதன் முதல் பத்து ஆண்டுகளின் கதை. 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் டோனி தாமஸும் சேர்ந்து அதைத் தொடங்கியபோது அதற்கு ‘அட்வென்ட்நெட்’ என்று பெயர். தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்களுக்கு, அந்தக் கருவிகளின் வலையமைப்பை நிர்வகிப்பதற்கான மென்பொருளை விற்றார்கள். கேட்பதற்கே சலிப்பூட்டும் பொருள். ஆனால் லாபம் வந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் இணைய நிறுவனங்களின் மீது பணம் மழையாகக் கொட்டிய காலத்திலும் அவர்கள் வெளியார் முதலீட்டை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே அந்தக் குமிழி உடைந்தது. வாங்கிக்கொண்டிருந்த தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல மூடப்பட்டன அல்லது செலவை நிறுத்தின. வாடிக்கையாளர்களே இல்லாமல் போனால் எந்த நிறுவனமும் என்ன செய்யும்?

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. வெளியார் பணம் வாங்கியிருந்தால் அந்த ஆண்டில் கதவை மூடச் சொல்லியிருப்பார்கள், அல்லது கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லியிருப்பார்கள். இவர்களிடம் கேட்க யாரும் இல்லை. கையிலிருந்த லாபத்தை வைத்துக்கொண்டு, அதே வலையமைப்பு அறிவை வேறொருவருக்கு விற்க முடியுமா என்று யோசித்தார்கள். கருவி செய்பவருக்குப் பதிலாக, சாதாரண அலுவலகங்களில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவருக்கு விற்கலாம் என்று முடிவெடுத்து, 2002இல் ‘மேனேஜ்எஞ்சின்’ என்ற பிரிவைத் தொடங்கினார்கள். அதில் வந்த லாபத்தை எடுத்து, இணையத்திலேயே இயங்கும் எழுத்துச் செயலியை 2005இல் கொண்டுவந்தார்கள். அதுதான் ஸோஹோ. அந்தப் பெயர் பெரிதானதால் 2009இல் நிறுவனத்தின் பெயரையே மாற்றினார்கள். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மென்பொருள்கள். ஆண்டு வருமானம் நூறு கோடி அமெரிக்க வெள்ளியைத் தாண்டிவிட்டது என்று 2022இல் அறிவித்தார்கள். தொடங்கி 26 ஆண்டுகளுக்குப் பிறகு.

26 ஆண்டுகள் என்பது நம் காதுக்கு மிக மெதுவாகப் படுகிறது. ஒரு சின்னக் கணக்கு. ஆண்டுக்கு 20 விழுக்காடு மட்டும் வளரும் ஒரு நிறுவனம், நிற்காமல் 25 ஆண்டுகள் வளர்ந்தால், தொடங்கிய அளவைப் போல் 95 மடங்காகிறது. என் வெள்ளைப் பலகைக்காரர்கள் ஓராண்டில் ஐந்து மடங்கு கேட்டார்கள். ஒன்றரை ஆண்டில் இல்லாமலே போனார்கள். 20 விழுக்காடு என்று பலகையில் எழுதினால் எந்த முதலீட்டாளரும் காசோலையில் கையெழுத்திட மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். சிக்கலே அதுதான்.

ஸோஹோவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பணத்தைப் பற்றியது அல்ல, ஆள்களைப் பற்றியது. 2005இல் ஆறு மாணவர்களை வைத்து ஒரு பள்ளியை அவர்கள் தொடங்கினார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாத, பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாறாக உதவித்தொகை கொடுத்து, கணிதமும் ஆங்கிலமும் நிரல் எழுதவும் சொல்லிக்கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் திட்டம். இப்போது அதற்கு ‘ஸோஹோ ஸ்கூல்ஸ்’ என்று பெயர். 2011இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் வைத்தார்கள். 2019இல் ஸ்ரீதர் வேம்புவே அமெரிக்காவிலிருந்து அங்கே குடிபெயர்ந்தார். இதை நம் பத்திரிகைகள் ஏதோ தொண்டு போல் எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது கெட்டிக்காரத்தனமான வணிகம். தென்காசியில் வளர்ந்த பையன் தென்காசியிலேயே நல்ல சம்பளத்துக்கு வேலை பார்த்தால், அவன் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குத் தாவ வேண்டிய அவசியம் என்ன? அவன் எழுதிய நிரலைப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவனே திருத்துவான். ‘எழுதினவர் போய்ட்டார்’ என்ற அந்த வாக்கியம் அங்கே குறைவாகத்தான் கேட்கும் என்று நினைக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். ஸோஹோவிலிருந்து வெளியேறிய கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஃபிரெஷ்வொர்க்ஸ். அவர் முதலீட்டாளர்களின் பணத்தை வாங்கினார், வேகமாக வளர்ந்தார், 2021 செப்டம்பரில் நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பங்கு ஒன்று 36 அமெரிக்க வெள்ளி என்ற விலையில் நிறுவனத்தைப் பட்டியலிட்டார். அன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள் என்றார் அவர். அதில் முப்பது வயதுக்கும் குறைந்தவர்கள் ஏறக்குறைய எழுபது பேர். அப்படி ஒரு நாள் ஸோஹோ ஊழியருக்கு வந்ததில்லை. அது பங்குச்சந்தைக்கு வராத குடும்ப நிறுவனம். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு தாயிடம் போய் எந்த வழி சிறந்தது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே ஃபிரெஷ்வொர்க்ஸ் 2024 நவம்பரில், கையிருப்பு நன்றாக இருந்த வேளையில், ஊழியர்களில் 13 விழுக்காட்டினரைக் குறைத்தது. பங்குதாரர்கள் காலாண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்கும் இடத்தில், அடுத்த பத்தாண்டைப் பற்றிய பதிலைச் சொல்ல முடிவதில்லை. ஸோஹோவிலும் எல்லாம் பொற்காலமல்ல. ஒரே குடும்பத்தின், ஒரே மனிதரின் எண்ணத்தைச் சார்ந்து ஒரு நிறுவனம் நிற்பதில் ஆபத்து உண்டு. 2025 ஜனவரியில் வேம்பு தலைமைப் பொறுப்பை விட்டு ஆய்வுப் பணிக்கு மாறி, ஷைலேஷ் குமார் தாவேயிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். அந்தக் கைமாற்றம் எப்படி முடிகிறது என்பதைப் பத்து ஆண்டு கழித்துத்தான் சொல்ல முடியும்.

‘அதெல்லாம் தமிழ்நாட்டில் நடக்கும், சிங்கப்பூரில் முடியாது’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நமக்குத் தென்காசி இல்லை, வாடகை குறைந்த கிராமம் இல்லை. உண்மைதான். ஆனால் சிங்கப்பூரிலும் ஒரு மெதுவான தொடக்கம் இருந்தது என்பதை நம் தலைமுறை மறந்துவிட்டது. 1981இல் சைனாடவுன் பெர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறிய கணினிக் கடையாகத் தொடங்கியது கிரியேட்டிவ் நிறுவனம். தொடங்கிய சிம் வோங் ஹூ, நீ ஆன் தொழிற்கல்லூரியில் படித்தவர், பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர். 1989இல் அவர்கள் கொண்டுவந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற ஒலி அட்டை உலகம் முழுவதும் கணினிகளைப் பேச வைத்தது. 1992இல் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுதான். பிறகு என்ன நடந்தது? கணினியின் தாய்ப்பலகையிலேயே ஒலி வசதியைச் சேர்த்துவிட்டார்கள். தனியாக ஒலி அட்டை வாங்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லாமல் போயிற்று. இசைக்கருவிகளில் ஆப்பிளுக்கு முன்பே இறங்கியிருந்தும் ஐபாடை வெல்ல முடியவில்லை. காப்புரிமை வழக்கில் 2006இல் ஆப்பிளிடமிருந்து 10 கோடி அமெரிக்க வெள்ளி கிடைத்தது, சந்தை கிடைக்கவில்லை. 2007இல் நாஸ்டாக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். சிம் 2023 ஜனவரியில் காலமானார். கிரியேட்டிவ் மென்பொருள் நிறுவனம் அல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அட்வென்ட்நெட்டுக்கு 2001இல் வந்த அதே கேள்விதான் அதற்கும் வந்தது: நாம் விற்கும் பொருளை வேறொருவர் இலவசமாகத் தன் பொருளுக்குள் சேர்த்துவிட்டால், அல்லது வாங்குபவரே காணாமல் போய்விட்டால், அடுத்தது என்ன?

இந்தக் கேள்விக்கு மூன்றாவது ஒரு பதிலும் இருக்கிறது. நான் ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பிறகு தேசியப் பள்ளிக்குப் போனேன். தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் ‘அம்மா’ என்று நான் முதன்முதலில் தட்டச்சு செய்தது முரசு அஞ்சலில். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முயற்சி அது. கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் அவருடைய ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று வெளியீடு கண்டது வேறெங்குமல்ல, ஒலி 96.8 வானொலியின் துணையோடு இதே சிங்கப்பூரில்தான். பின்னாளில் ஆப்பிளின் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் அஞ்சல் விசைமுகம் உள்ளேயே வந்துவிட்டது. கிரியேட்டிவின் ஒலி அட்டைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது எனலாம். ஆனால் இங்கே அது இழப்பாக முடியவில்லை. இரண்டு மூன்று தலைமுறைக் கருவிகளைக் கடந்து அந்தப் பணி இன்னும் நடக்கிறது. ஆயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனமாக அது வளரவில்லைதான். வளர்ச்சி என்ற சொல்லால் நாம் எதை அளக்கிறோம் என்று நான் யோசிக்கத் தொடங்கியது இதை நினைத்துத்தான். பாட்டி எனக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறார் என்பது எந்த வெள்ளைப் பலகையிலும் ஏறாத கணக்கு.

இருந்தாலும், நல்ல பொருளைச் செய்துவிட்டுச் சிறியதாகவே இருந்துவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பஃபலோ சாலை அக்காவுக்கு வேண்டியது பத்து ஆண்டுகள் அவருடைய தொலைபேசி அழைப்பை எடுக்கும் ஒரு நிறுவனம். அதற்கு ஆள்கள் வேண்டும், ஆள்களுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு வளர்ச்சி வேண்டும். அந்த வளர்ச்சி அவருடைய சந்தாவிலிருந்து வர வேண்டுமே தவிர, அவரைப் பார்த்தே இராத ஒருவருடைய காசோலையிலிருந்து வரக்கூடாது என்பதுதான் என் கருத்து. காசோலையில் வாழும் நிறுவனம் காசோலை எழுதுபவருக்குத்தான் பதில் சொல்லும்.

சிங்கப்பூரில் தென்காசி இல்லை என்றேன். ஆனால் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேரை, நாம் கண்டு வியக்கும் மென்பொருள் நிறுவனங்கள் பயிற்சிக்குக்கூட எடுத்துக்கொள்கின்றன? ஆள் பற்றாக்குறை என்று ஒரு பக்கம் குறை சொல்கிறார்கள். பயிற்சி கொடுப்பது அரசாங்கத்தின் வேலை என்று மறுபக்கம் இருந்துவிடுகிறார்கள். ஈராண்டு செலவழித்து ஒருவரை உருவாக்குவதற்கு, ஈராண்டு கழித்தும் நாம் இருப்போம் என்ற நம்பிக்கை முதலில் நிறுவனத்துக்கே வேண்டும். என் மூன்றாவது மாடியில் அந்த நம்பிக்கை யாருக்கும் இருக்கவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பயிற்சிக்கு வந்த எனக்கு நாற்காலிகூட வாடகை நாற்காலி.

இப்போது நான் இறுதியாண்டு. கடந்த இரண்டு மாதங்களாக நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கடைசியில் ‘உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா?’ என்று கேட்பார்கள் அல்லவா? மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். இங்கே மிக நீண்ட காலம் வேலை பார்ப்பவர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்? சென்ற ஆண்டு தொடக்கத்தில் இருந்த வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? மிகப் பழைய நிரலை எழுதியவர் இன்னும் இங்கே இருக்கிறாரா? முதல் இடத்தில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பிறகு அழைக்கவில்லை. இரண்டாவது இடத்தில் ‘அந்த விவரம் வெளியே சொல்வதில்லை’ என்றார்கள். மூன்றாவது இடம் பதினாறு பேர் மட்டும் உள்ள ஒரு நிறுவனம். துறைமுகச் சரக்குக் கணக்குக்கு மென்பொருள் எழுதுகிறார்கள், பதினான்கு ஆண்டுகளாக. அங்கே கேள்வி கேட்ட அம்மையார் எழுந்து போய், பக்கத்து அறையிலிருந்து ஒருவரைக் கையோடு அழைத்து வந்தார். “மிகப் பழைய நிரலை எழுதியவர் இவர்தான், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்” என்றார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தம் பழைய நிரலைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

சம்பளம் வங்கியொன்று தருவதாகச் சொன்னதைவிட எண்ணூறு வெள்ளி குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா வங்கிதான் என்கிறார்; அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, கல்விக்கடன் அவர் பெயரில் இருக்கிறது.

நம் தமிழ்ப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு வேலைவாய்ப்பு மாலை நடத்தும்போது, எவ்வளவு திரட்டினோம் என்று சொல்ல வருபவர்களோடு, பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே மென்பொருளைப் பராமரித்துவரும் ஒருவரையும் மேடைக்கு அழையுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் கேளுங்கள், ஒருவருடைய எண் இருக்கிறது.